சாவியை அலமாரியில் வையுங்கள், தம்பி

பழைய வண்டிகளோடு நாற்பது வருடம் மல்லுக்கட்டிய மெக்கானிக் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: அப்பா ஆசை ஆசையாக வைத்திருந்த 1968 எம்.ஜி.பி., மேல்துணி மடக்குகிற இரண்டு சீட் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 2001-ல் ஷெட்டில் நிறுத்தினார். அதோடு சரி, யாரும் தொடவில்லை. அப்பா இப்போது இல்லை. போன வாரம்தான் ஷெட்டைத் திறந்தேன். வெளிப்பார்வைக்குப் பரவாயில்லை. புது 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் ஐந்து லிட்டர் பெட்ரோலும் வாங்கிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறோம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா ஐயா?
— பச்சைக் காரின் மகன்

பதில்: தம்பி, முதலில் அந்தச் சாவியைக் கொண்டுபோய் அலமாரியில் வையுங்கள். அண்ணன் கோபித்துக்கொண்டால் என் மேல் பழியைப் போடுங்கள்.

எனக்கு இருபத்தாறு வயது இருக்கும்போது பதினோரு வருடம் நின்ற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சொந்தக்காரர், அவர் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று சுற்றிக் கூட்டம். எனக்கும் கெத்து காட்ட ஆசை. பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்தேன். மூன்றாவது அடியில் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அரை நிமிடம் இருக்கும், உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் தொடர்ந்து 'டக் டக் டக்'. எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று, அது ஏறி இறங்கும் கைடு என்ற குழலுக்குள்ளேயே துருவில் இறுகியிருக்கிறது. வால்வைத் தள்ளும் கம்பி, புஷ்ராடு என்போம், இரண்டு வளைந்துவிட்டன. ஒரு சிலிண்டரில் ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங் உடைந்து சுவரில் கோடு போட்டுவிட்டது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் தப்பித்திருக்க வேண்டிய என்ஜினுக்கு நான்கு மாத வேலை. அந்த மனுஷர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே இந்த ஞாயிறு ஒரு டார்ச், ஒரு நோட்டு, போன் கேமரா, இவ்வளவுதான் ஷெட்டுக்குள் போக வேண்டும். எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். எந்த வயர் எங்கே, எந்த ஹோஸ் எந்தப் பக்கம் என்று. மூன்று மாதம் கழித்து உங்கள் ஞாபகம் உங்களுக்குத் துரோகம் செய்யும், படம் செய்யாது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள், சைலன்சர் குழாய் வாயிலும் டார்ச் அடியுங்கள். எலிக்கு இந்த இரண்டு இடமும் சொர்க்கம். சீட்டுப் பஞ்சைப் பிய்த்து மெத்தை போட்டுக் குடும்பமே நடத்தியிருக்கும். வயர் மேல் சுற்றியிருக்கும் உறையையும் கடித்திருக்கும், அதனால் பேட்டரி மாட்டும் நாளில் ஷார்ட் ஆகிப் புகை வரலாம்.

பேட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் தரைமூடியைத் திறந்தால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிக்கான தொட்டிகள் இருக்கும். வரிசையாக இணைத்து 12 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். வாங்கிய பேட்டரி அந்தத் தொட்டிக்குள் இறங்குமா என்று அளந்து பாருங்கள். அதைவிட முக்கியம், தொட்டிக்கு அடி இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிட் கசிந்து அரித்து, பேட்டரி ரோட்டில் விழுகிற நிலைமையில் நான் பார்த்த எம்.ஜி.பி. ஒன்றிரண்டு அல்ல. இன்னொன்று: 1967 கடைசியில் இரண்டாம் மார்க் மாடல் வரும்வரை இந்த வண்டிகளில் பாசிடிவ்தான் எர்த், அதாவது பாடியோடு இணையும் முனை. உங்களுடையது 1968 என்பதால் நெகட்டிவாக இருக்க வேண்டும். ஆனால் பழைய வண்டியில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பது யாருக்குத் தெரியும்? பாடியில் போல்ட் அடித்திருக்கும் கேபிள் எந்த முனைக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் ஆல்டர்னேட்டர் அங்கேயே போய்விடும்.

இனி என்ஜின். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் மெல்லிய ஆயில் இரண்டு ஸ்பூன். மூடி வைத்துவிட்டுப் போய்விடுங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரு வாரம் இப்படி. அதற்குள் என்ஜின் மேல்மூடியான ராக்கர் கவரைத் திறந்து எல்லா வால்வுத் தண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஆயில் ஊற்றி ஊற விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பிளக் இல்லாமலே, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். சக்கரம் உருள மறுத்தால் அது பிரேக் பிடித்த கதையாகவும் இருக்கலாம். முன்னால் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு கியரை நியூட்ரலில் வைத்து முயலுங்கள். கை பலம் மட்டும். ஸ்பேனருக்குப் பைப் போட்டு நீட்டினால் ஏதாவது உடையும். வரவில்லையா, இன்னும் ஒரு வாரம் ஊறட்டும். இருபத்து சொச்சம் வருடம் பொறுத்த வண்டி இன்னும் ஏழு நாள் பொறுக்காதா?

சுற்ற ஆரம்பித்துவிட்டால் ஒருவர் சுற்ற, இன்னொருவர் வால்வை அமுக்கும் ராக்கர்களைப் பார்க்க வேண்டும். எட்டு வால்வும் ஒவ்வொன்றாக இறங்கி, இறங்கியது மறுபடி முழுசாக ஏறி வருகிறதா? அண்ணனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். ஒரு வால்வு இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் சுற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். என்னுடைய அந்த நான்கு மாதம் இந்த ஐந்து நிமிடத்தைச் செய்யாததால் வந்தது.

பிறகு பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-50 கிரேடு ஆயில் ஊற்றுங்கள். கேம் ஷாஃப்ட் மேல் நேரடியாக உரசும் தட்டை டாப்பெட் உள்ள என்ஜின் இது. பழைய வண்டிக்கென்று துத்தநாகம் சேர்த்து வரும் ஆயிலாக இருந்தால் கேம் ஷாஃப்ட் நன்றி சொல்லும். பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் எழுகிறதா என்று பாருங்கள். பத்து விநாடி அடிப்பது, நிறுத்துவது. முள் எழுந்த பிறகுதான் பிளக் போடும் பேச்சே.

பெட்ரோல் டேங்கில் 2001-ஆம் வருடத்துப் பெட்ரோல் இருக்கும், இல்லையா? மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை வராது, வார்னிஷ் வாசனை வரும். எளிதில் ஆவியாகிறதெல்லாம் போய், மிச்சம் பிசின். புதுப் பெட்ரோலை அதன் மேல் ஊற்றினீர்களானால் பிசின் கரைந்து நேராக கார்புரேட்டருக்கு வரும். டேங்கை இறக்கிக் கழுவுங்கள், உள்ளே துரு எவ்வளவு என்று பாருங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள், அந்தக் காலத்து ரப்பர் இன்றைய பெட்ரோலில் ஊறி இளகிவிடும்.

வண்டியின் பின்பக்கம் எஸ்.யூ. கம்பெனியின் மின்சாரப் பெட்ரோல் பம்ப் ஒன்று உண்டு. சாவி போட்டால் 'டிக் டிக்' என்று அடிக்கும், கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிடும். சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் உள்ளே கரண்ட் தொடும் பாயின்ட் கருத்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டினால் பல நேரம் உயிர் வரும். அப்படி வந்தாலும் பிறகு கழற்றி பாயின்டைச் சுத்தம் செய்துவிடுங்கள். நிற்காமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தால்தான் பயப்பட வேண்டும். எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது, அல்லது கார்புரேட்டர் ஊசி ஒட்டிக்கொண்டு கிண்ணம் வழிகிறது. இந்த என்ஜினில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டரும் கொதிக்கக் கொதிக்கப் புகை போகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் ஒரு தகடுதான். வழிந்தால் எங்கே சொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். தீயணைப்பான் இல்லாமல் அந்த முதல் ஸ்டார்ட் வேண்டாம்.

ரேடியேட்டர் தண்ணீரை வடியுங்கள். வடியாது, சேறு அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்துங்கள். ஹோஸைப் பிசைந்து பார்த்து, மொரமொரவென்று இருந்தால் மாற்றுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

பிரேக்கைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, செய்ய வேண்டியது முதலில். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கும், பின்னால் வீல் சிலிண்டரும் அதே கதை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற சாமான். இருபது வருட ஈரம் உள்ளே. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வீல் சிலிண்டர் வரை ரப்பர் என்று இருப்பதெல்லாம் மாற வேண்டும். வளையும் ஹோஸ்களை 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிடாதீர்கள். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி ஊசித்துளை அளவுக்கு அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. சக்கரம் பிடித்தது பிடித்தபடி நிற்கும். அதைக் கேலிப்பர் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை கேலிப்பரைப் பிரித்து மாட்டியவன் நான்.

டயரில் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் குப்பைக்கு. பக்கச்சுவரில் தேதிக் குறி இருக்கும்: கடைசி நான்கு எண் 3504 என்றால் 2004-ஆம் வருடம் 35-ஆம் வாரம். மூன்றே எண் என்றால் 2000-க்கு முன்பு செய்தது. உங்களுடையது மூன்று எண்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

இவ்வளவையும் செய்தால் ஸ்டார்ட் ஆக இரண்டு மாதம் ஆகலாம். ஆகட்டும். முதல் முறை ஸ்டார்ட் ஆனதும் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது அண்ணன் இன்னும் பேசுகிறாரா என்றும் சொல்லுங்கள்.

கேள்வி: பாடி முழுக்கத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், துரு இல்லை. ஆனால் பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவு திறக்க மறுக்கிறது. இறக்கினால் சரியாகிவிடுகிறது. கீலில் கோளாறா? என் வண்டியும் மேல்துணி எம்.ஜி.பி.தான்.
— திறக்காத கதவுக்காரன்

பதில்: கீல் பாவம், அதை விட்டுவிடுங்கள். உங்கள் வண்டி நடுவில் மடங்குகிறது.

இந்த வண்டிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். கூரையும் இல்லை. அப்படியானால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது? கதவுக்குக் கீழே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பெட்டி மாதிரி ஓடுகிறதே, 'சில்' என்போம், அதுதான் முக்கியமான முதுகெலும்பு. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு என்று மூன்று அடுக்கு. சேறு உள்ளே போய்த் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு கதவுக்குக் கீழே நெடுகத் தடவிப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் பட்டி. யாரோ தகட்டுக்குப் பதில் பட்டியைப் பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள்.

வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டியதுதான், வேறு வழி கிடையாது. ஆனால் வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்து, வண்டியைச் சமதளத்தில் நான்கு இடத்தில் தாங்கு கொடுத்து நிறுத்துங்கள். ஒரு பக்கம் முழுவதும் முடிந்து கதவு சரியாகச் சாத்தித் திறந்த பிறகுதான் மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டிய ஒரு பட்டறையிலிருந்து எனக்கு ஒரு வண்டி வந்தது. வாழைப்பழ வடிவத்தில் இருந்தது.

துரு அளவு மீறிவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனத்தார் பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி. பாடியைப் புதிதாகச் செய்துவருகிறார்கள். பழையதிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். அப்போது அது அதே வண்டிதானா என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால், சில்லும் தரையும் மட்டும் போயிருந்தால் பழையதையே தைத்துக்கொள்வேன். முன் சட்டமும் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடமும் சேர்ந்து போயிருந்தால் புதுப் பாடி. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் விற்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லி விற்க வேண்டும்.

கேள்வி: என்ஜின் அருமையாக ஓடுகிறது ஐயா. ஆனால் கிளட்ச் மிதித்தாலும் கியர் விழவில்லை, கரகரவென்கிறது. பதினைந்து வருடம் நின்ற வண்டி. கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள்.
— கரகர

பதில்: அவசரப்பட்டு இறக்காதீர்கள். முதலில் கீழே கிளட்ச் சிலிண்டரின் தள்ளுதண்டு மிதிக்கும்போது நகர்கிறதா என்று ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். நகரவில்லையென்றால் கோளாறு ஆயில் வழியில், கியர் பாக்ஸுக்குச் சம்பந்தமில்லை.

நன்றாக நகர்ந்தும் கியர் விழவில்லையென்றால், கிளட்ச் பிளேட், என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். என்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். பெடலை முழுசாக அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து அப்படியே இரண்டு மூன்று நாள் விடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே 'டொப்' என்று விட்டுவிடும். விடாவிட்டால், பெடல் அமுக்கியபடியே டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், என்ஜின் ஓடாமல். சிலர் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஓட்டி, பிரேக் அடித்துப் பிய்ப்பார்கள். பலன் உண்டுதான். ஆனால் ஸ்டாண்டிலிருந்து வண்டி குதித்து ஷெட் சுவரை இடித்ததைப் பார்த்தவன் என்பதால் நான் அதை யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

கேள்வி: பிரேக்குக்கு டாட் 4 ரக ஆயில் ஊற்றியிருக்கிறது. டாட் 5 அதைவிட உயர்ந்ததுதானே, மேலே ஊற்றிக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. எண் பெரிதாக இருப்பதால் ஏமாறாதீர்கள். டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரு சாதி, கிளைக்கால் என்ற ரசாயனத்தில் செய்தவை. டாட் 5 மட்டும் சிலிக்கோன். இரண்டும் கலக்காது. சிலிக்கோன் பெயின்டைக் கெடுக்காது என்பதால் பழைய வண்டிக்காரர்கள் சிலர் விரும்புவார்கள். அப்படியானால் பைப் முழுக்கக் காலி செய்து, சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, ஆரம்பத்திலிருந்து சிலிக்கோன். நான் டாட் 4 ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற பழைய ஆள்.

கேள்வி: ஈயம் இல்லாத பெட்ரோல் போட்டால் பழைய என்ஜின் ஒரு வருடத்தில் நாசம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?
— பயந்தவர்

பதில்: பாதி உண்மை. பெட்ரோலில் இருந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெத்தை மாதிரி இருந்தது. மெத்தை போனதும், வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாகக் கடைந்த சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும். ஆனால் அது நீண்ட தூரம் முழு வேகத்தில் விரட்டுகிறவர்களுக்கு வேகமாக நடக்கும். விடுமுறை நாளில் ஐம்பது கிலோமீட்டர் போய்வருகிற உங்களுக்கு மெதுவாக.

இதைக் கண்டுபிடிக்க, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் போதும். எம்.ஜி.பி.க்கு வால்வு இடைவெளி என்ஜின் ஆறியிருக்கும்போது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர். வைத்துவிட்டு, ஓட்டி, மறுபடி அளந்து நோட்டில் எழுதுங்கள். எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் சீட் இறங்குகிறது. அன்றைக்கு ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் போட்டுக்கொள்ளலாம். அதுவரை நிம்மதியாக ஓட்டுங்கள்.

கேள்வி: ஐயா, இரண்டு வருடமாக என் வீட்டுக்காரர் ஷெட்டிலேயே குடியிருக்கிறார். 'இன்னும் ஒரே ஒரு பார்ட்தான்' என்கிறார். இது எப்போது முடியும்?
— ஷெட்டுக்கு வெளியே நிற்பவள்

பதில்: அம்மா, உண்மையைச் சொன்னால் உங்கள் வீட்டுக்காரர் என்னோடு பேச மாட்டார். அந்த ஒரு பார்ட் வந்ததும் அதை மாட்ட ஒரு டூல் வேண்டும் என்பார். பிரித்துப்போட்ட சாமான்களைப் பெயர் எழுதிய டப்பாவில் வைத்திருக்கிறாரா என்று எட்டிப் பாருங்கள். வைத்திருந்தால் முடிப்பார். எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் குவிந்து கிடந்தால், நீங்களே உட்கார்ந்து பிரித்து எழுதி வையுங்கள். வண்டி சீக்கிரம் வெளியே வர அதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

கேள்வி: வண்டியை ஒருவழியாக முடித்துவிட்டேன். இனி வருடத்தில் ஆறு மாதம் நிறுத்தித்தான் வைப்பேன். கெடாமல் இருக்க வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும்தானே?
— மறுபடி தூங்கவைப்பவர்

பதில்: அந்த ஐந்து நிமிடம்தான் கெடுதல். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் வரும். நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சூடாகாது. அந்த ஈரம் சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தங்கும். வாரம் ஒருமுறை ஈரம் ஊற்றி வைத்ததாகத்தான் அர்த்தம். ஓட்டினால் அரைமணி நேரம் ஒழுங்காக ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

நிறுத்துவதற்கு முன்தினம் ஆயில் மாற்றுங்கள். அழுக்கு ஆயிலில் அமிலம் உண்டு, ஆறு மாதம் அதிலேயே பேரிங் ஊறக் கூடாது. டேங்கை விளிம்பு வரை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்கும் மருந்தைக் கலந்து, அது கார்புரேட்டர் வரை போகும்படி கொஞ்சம் ஓட்டுங்கள். டயரில் காற்று வழக்கத்தைவிடக் கூடுதலாக. ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். போட்டால் பின் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். பேட்டரி எர்த்தைக் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடாமல், காற்று போய்வரும் துணியால் மூடுங்கள்.

சைலன்சர் வாயில் ஒரு துணிப்பந்து, எலிக்காக. அதில் நீளமாக ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி ஸ்டியரிங்கில் முடிச்சுப் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் துணியை எடுக்க மறந்து செல்ஃப் அடித்து அடித்து, ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கார்புரேட்டரைப் பாதி பிரித்த பிறகு எனக்கு போன் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். அன்று நான் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் நானும் அதையே செய்திருந்தேன்.